மாதக் கடைசியிலும் வயிறு நிறையும்! ஒரு தம்ளர் பருப்பில் நாலு பேருக்கு சூப்

சம்பளம் வந்த முதல் வாரத்தில் மீன், கறி, முட்டை. இரண்டாவது வாரத்தில் சாம்பார், பொரியல். ஊருக்குப் பணம் அனுப்பி, கோலி வாடகையும் கொடுத்து, ரெயில் சீசன் டிக்கெட்டும் எடுத்த பிறகு, இருபதாம் தேதிக்கு மேல் என்ன?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், பாண்டுப், கல்யாண் என்று எங்கே வாழும் நம்மவர்களைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "ஒரு வடா பாவ், ஒரு கட்டிங் சாய். ராத்திரி அப்படியே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்!"

வடா பாவைக் குறை சொல்வதற்கில்லை. இந்த நகரத்தில் பசித்த நேரத்தில் எத்தனையோ லட்சம் பேரைத் தாங்குவது அதுதான். ஆனால் அதில் இருப்பது உருளைக்கிழங்கு, கடலை மாவு, மைதா ரொட்டி, எண்ணெய். வாரத்தில் ஐந்து இரவுகள் அதையே தின்று, காலையில் ஆறு மணிக்கு மூட்டை தூக்கவோ, வெல்டிங் பட்டறையில் நிற்கவோ, எட்டு மணி நேரம் குனிந்து கணக்கு எழுதவோ போனால் உடம்பு எத்தனை நாள் ஒத்துழைக்கும்?

ஊருக்கு மாதம் தவறாமல் மணியார்டர் போனால் போதும் என்று வயிற்றைக் கட்டிய காலம் ஒன்று இருந்தது. இன்று செல்போனில் ஒரு நொடியில் பணம் போய்விடுகிறது. ஆனால் வயிற்றைக் கட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. சம்பாதிக்கிற உடம்பு படுத்துவிட்டால், ஊரில் உள்ள குடும்பமும் சேர்ந்து படுத்துவிடும். மருத்துவமனைக்குப் போகும் ஒரு நாள் செலவில் எத்தனை மாதத்துப் பருப்பு வாங்கலாம்!

அதிகச் செலவில்லாமல், ஒரே அடுப்பில், அரை மணி நேரத்தில், நாலு பேர் வயிறு நிறைய ஒரு வழி இருக்கிறது. அதுதான் பருப்பு சூப்.

எந்தப் பருப்பு?

துவரம் பருப்பு, பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு மூன்றிலும் செய்யலாம். ஆனால் அவசரக்காரர்களுக்கும் சிக்கனக்காரர்களுக்கும் ஏற்றது மைசூர்ப் பருப்புதான். காவிச் சிவப்பு நிறத்தில், சிறிதாக, தட்டையாக இருக்கும். பெரும்பாலும் துவரம் பருப்பை விட விலை குறைவு. ஊற வைக்க வேண்டியதில்லை. திறந்த பாத்திரத்திலேயே இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். கேஸ் செலவும் குறைவு.

இதற்கும் மைசூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. சமஸ்கிருதத்தில் 'மசூரம்', இந்தியில் 'மசூர்'. அது நம் நாக்கில் புரண்டு 'மைசூர்' ஆகிவிட்டது. இந்தப் பருப்பு அதிகமாக விளைவது மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், பீகார் பக்கம். போதாததற்குக் கனடாவில் இருந்தும் ஆஸ்திரேலியாவில் இருந்தும் கப்பலில் வருகிறது.

புதிதாக மும்பை வந்தவர்கள் கடையில் போய் "மைசூர்ப் பருப்பு" என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பார். "மசூர் தால்" என்று கேட்க வேண்டும். தோலோடு கறுப்பாக, முழுசாக இருப்பதைக் கொடுத்துவிட்டால் அது வேக அதிக நேரம் ஆகும். தோல் நீக்கிய சிவப்புப் பருப்பு வேண்டும் என்று கையைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே பருப்பை நம்பாதீர்கள்

நம்மவர்களுக்குத் துவரம் பருப்பு இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை என்ற எண்ணம் உண்டு. 2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதே துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் வரை ஏறியதை யாரும் மறந்திருக்க முடியாது. பதுக்கல்காரர்களின் கிட்டங்கிகளில் அரசு சோதனை நடத்தியது. மூட்டை மூட்டையாகப் பருப்பு பிடிபட்டது. அப்படிப்பட்ட நாட்களில் அதிகம் கஷ்டப்படுவது, ஒரே பருப்பைத் தவிர வேறு எதையும் சமைக்கத் தெரியாத வீடுகள்தான்.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மலிவு விலையில் துவரம் பருப்பு கிடைக்கிறது. ஆனால் அந்தக் கார்டை இங்கே காட்டி அந்தப் பருப்பை வாங்க முடியாது. வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்கள் வெளிச்சந்தை விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். அதனால் எந்த வாரம் எந்தப் பருப்பு மலிவோ அதை வாங்கிச் சமைக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

தேவையான பொருட்கள்

நாலு பேருக்கு:

மைசூர்ப் பருப்பு - 1 தம்ளர் (சுமார் 200 கிராம்)

கோதுமை ரவை அல்லது அரிசிக் குருணை - 2 மேசைக்கரண்டி

பெரிய வெங்காயம் - 1

தக்காளி - 2

பூண்டு - 8 பல்

இஞ்சி - சிறு துண்டு

ஏதாவது ஒரு காய் - ஒரு கைப்பிடி

மஞ்சள் தூள் - அரை தேக்கரண்டி

மிளகு - 1 தேக்கரண்டி

சீரகம் - 1 தேக்கரண்டி

எண்ணெய் - 2 தேக்கரண்டி

பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, உப்பு - தேவையான அளவு

எலுமிச்சம் பழம் - அரை மூடி

காய் இதுதான் என்று கட்டாயம் இல்லை. சுரைக்காய், முள்ளங்கி, கேரட், பரங்கிக்காய், கீரைத் தண்டு என்று எது மலிவோ அது. சுரைக்காயை இங்கே 'தூதி' என்பார்கள். முள்ளங்கி 'மூளா'. கறிவேப்பிலை 'கடிபத்தா'. கொத்தமல்லி 'கோத்திம்பீர்'. காய் வாங்கும்போது சிரித்துக் கேட்டால் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் கொசுறாகக் கிடைத்துவிடும்.

செய்முறை

பருப்பில் கல், குச்சி பார்த்துப் பொறுக்கிவிட்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவும் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வருவது சகஜம். பளிச்சென்று சாயம் இறங்குவது போல் வந்தால் அந்தக் கடையில் மறுபடி வாங்காதீர்கள்.

பருப்பு, குருணை, நறுக்கிய வெங்காயத்தில் பாதி, இஞ்சி, நாலு பல் பூண்டு, காய், மஞ்சள் தூள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு நாலு தம்ளர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கவும். கொதி வரும்போது நுரை பொங்கும். அதைக் கரண்டியால் எடுத்து எறிந்துவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து மூடியைச் சற்றுத் திறந்த மாதிரி வைக்க வேண்டும். நடுவில் இரண்டு முறை அடிவரை கிளறிவிடுங்கள். குருணை அடிப்பிடிக்கும்.

பருப்பு மசிந்ததும் மத்தால் ஒரு கடை கடையுங்கள். மத்து இல்லாதவர்கள் குழிக்கரண்டியின் முதுகால் மசித்தால் போதும். மாவு போல் ஆக்கிவிடக் கூடாது. அங்கங்கே பருப்பு நாக்கில் தட்டுப்பட்டால்தான் ருசி. இப்போது இரண்டு தம்ளர் வெந்நீர் ஊற்றி, நறுக்கிய தக்காளியையும் உப்பையும் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடவும்.

இன்னொரு அடுப்பு இருந்தால் சரி. இல்லாவிட்டால் சூப்பை இறக்கி மூடி வைத்துவிட்டுச் சின்ன வாணலியை வையுங்கள். எண்ணெய் காய்ந்ததும் சீரகம், கறிவேப்பிலை, மீதிப் பூண்டைத் தட்டிப் போட்டுச் சிவக்க விடுங்கள். மீதி வெங்காயத்தையும் பெருங்காயத்தையும் சேர்த்து வதக்குங்கள். கடைசியில் ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகைப் போட்டு உடனே சூப்பில் கொட்டி மூடிவிட வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்ப்பார்!

பரிமாறும்போது கொத்தமல்லி தூவி, எலுமிச்சம் பழம் பிழிந்துகொள்ளலாம். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்புத் தட்டும்.

பருப்பு வேகவில்லையா?

"எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு நறுக் நறுக்கென்று இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பழைய பருப்பு. கடையில் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு வேக நேரம் எடுக்கும். இரண்டாவது, தண்ணீர். போர்வெல் தண்ணீர், டாங்கர் தண்ணீர் பல இடங்களில் உப்புச் சத்து அதிகமான கடின நீராக இருக்கும். அதில் பருப்பு சீக்கிரம் மசியாது. குடிக்கும் குழாய்த் தண்ணீரில் வேக வையுங்கள். மூன்றாவது, அவசரப்பட்டுப் புளிப்புச் சேர்ப்பது. தக்காளியோ புளியோ பருப்பு மசிந்த பிறகுதான் சேர வேண்டும். புளிப்பு முன்னால் போனால் பருப்பு இறுகிக்கொள்ளும்.

சீக்கிரம் வேக வேண்டும் என்று சமையல் சோடா போடுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பருப்பில் உள்ள வைட்டமின் பி1 சத்தை அது அழித்துவிடும்.

குக்கர் வைப்பவர்கள் கவனத்துக்கு

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் வெப்பம் சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் சீக்கிரம் வேகிறது. மைசூர்ப் பருப்புக்கு இரண்டு விசில் போதும்.

ஆனால் பருப்பு நுரைத்துப் பொங்கும் பண்டம். குக்கரில் பாதி அளவுக்கு மேல் நிரப்பவே கூடாது. நுரையும் தோலும் ஆவி போகும் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டால் ஆபத்து. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். வெயிட்டைப் போடுவதற்கு முன் துவாரத்தை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆவி முழுவதும் அடங்காமல் மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் படுத்திருக்கும்போது குக்கர் வெடித்தால் ஓடக்கூட இடம் கிடையாது.

செலவுக் கணக்கு

பருப்பு விலை இன்று ஒன்று, நாளை ஒன்று. அதனால் கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும். 200 கிராம் என்பது கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு. கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு ஆகும் செலவு 20 ரூபாய். நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 5 ரூபாய். காய், தக்காளி, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் கடையில் ஒரு ஆள் தின்னும் செலவில் வீட்டில் இரண்டு பேராவது சாப்பிடலாம்.

சத்து எவ்வளவு?

சமைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. நாலு பேர் பங்கிட்டால் ஒருவருக்கு 50 கிராம் பருப்பு, அதாவது சுமார் 12 கிராம் புரதம். அளவில் பார்த்தால் இரண்டு முட்டையில் உள்ள புரதத்துக்கு ஏறக்குறைய சமம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு வகைகள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஒரு கிண்ணம் சூப்பில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது.

பருப்பை மட்டும் குடித்தால் போதாது. பருப்பில் குறைவாக உள்ள சில சத்துகள் அரிசியிலும் கோதுமையிலும் இருக்கின்றன. அரிசியில் குறைவானது பருப்பில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். சூப்போடு சோறோ சப்பாத்தியோ பாவோ எதுவானாலும் சரி. குருணை சேர்த்துக் காய்ச்சச் சொன்னதும் அதற்காகத்தான்.

எலுமிச்சம் பழத்தைத் தவிர்க்காதீர்கள். பருப்பில் இரும்புச் சத்து இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சேராமல் டீ தடுத்துவிடும். கட்டிங் சாயை விட மனமில்லாதவர்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்!

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும்.

வெள்ளைக்காரனுக்கே கற்றுக்கொடுத்தவர்கள்

'சூப் என்பது ஓட்டலில் பெரிய மனிதர்கள் குடிப்பது' என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் பெரிய விருந்துகளில் வைக்கும் 'மல்லிகடானி' சூப்பின் பெயரே நம்முடைய 'மிளகுத் தண்ணீர்'தான். சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்துப் பழகிய வெள்ளைக்காரர்களுக்கு மதராஸ் மாகாணத்துச் சமையல்காரர்கள் மிளகு ரசத்தை மாற்றிச் செய்து கொடுத்தார்கள். அது கப்பல் ஏறியது. மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு 'மல்' என்ற பட்டப் பெயரே விழுந்துவிட்டது.

இதே மும்பையில் மராட்டியர் வீட்டில் 'ஆமட்டி', குஜராத்தியர் வீட்டில் வெல்லம் போட்ட பருப்பு, பார்சிகள் வீட்டில் கறியும் பருப்பும் சேர்ந்த 'தான்சாக்'. பருப்பைக் கரைத்துக் குடிக்காத சமூகமே இங்கே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டால் ஒரு துண்டு கோகம் புளி போட்டுப் பார்க்கச் சொல்வார். போட்டுப் பாருங்கள். எலுமிச்சம் பழம் மிச்சம்.

மீந்து போனால்?

பருப்பு சீக்கிரம் ஊசிப் போகும். மே மாதப் புழுக்கத்தில் இரவு வைத்தது காலைக்குத் தாங்காது. பிரிட்ஜ் இருப்பவர்கள் ஆறியதும் மூடி உள்ளே வைத்து மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாம். இல்லாதவர்கள் அளவாகச் செய்வதே நல்லது. எச்சில் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விடாதீர்கள்.

பிரிட்ஜில் வைத்த சூப் மறுநாள் கெட்டியாகிவிடும். அதில் கொஞ்சம் புளியும் சாம்பார்ப் பொடியும் சேர்த்தால் சாம்பார். தண்ணீருக்குப் பதில் அதையே ஊற்றிக் கோதுமை மாவு பிசைந்தால் மெத்தென்ற சப்பாத்தி. இரவு டியூட்டிக்குப் போகிறவர்கள் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனால் நடுநிசியில் கேன்டீனைத் தேட வேண்டியதில்லை.

சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ந் தேதி ஊரடங்கு வந்தது. ஒரே நாளில் மெஸ், ஓட்டல், கானாவளி எல்லாம் மூடின. கையில் கொஞ்சம் பணம் இருந்தும், அரிசியும் பருப்பும் வாங்கி ஒரு பிடி சமைக்கத் தெரியாமல் தவித்தவர்கள் ஏராளம். யார் வந்து சோற்றுப் பொட்டலம் கொடுப்பார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு மூட்டத் தெரிந்த ஒருவன் அறையில் இருந்தால் அவன் மற்றவர்களையும் காப்பாற்றினான்.

மழைக்காலத்திலும் இதே கதைதான். தண்டவாளம் மூழ்கி லோக்கல் ரெயில் நின்றுவிட்டால் காய்கறி வராது. விலை ஏறும். அலமாரியில் ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ குருணை, பூண்டு, வெங்காயம் இருந்தால் இரண்டு நாள் கவலை இல்லை.

ஊரில் இருந்து தம்பியோ மச்சானோ வேலை தேடி வந்தால் முதலில் ரெயில் ஏறக் கற்றுக்கொடுக்கிறோம். அடுத்த நாளே இந்த சூப்பையும் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

கடைசிக் கிண்ணம் யாருக்கு?

குடும்பத்தோடு வாழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

பருப்பு அடியில் தங்கும். தண்ணீர் மேலே நிற்கும். பெரும்பாலான வீடுகளில் அம்மா அடியில் கரண்டியை விட்டு, கெட்டியாக அள்ளிக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றுவார். எல்லோரும் எழுந்த பிறகு மிஞ்சிய தெளிந்த தண்ணீரைச் சோற்றில் விட்டுப் பிசைந்துகொள்வார். கேட்டால், "எனக்குப் பசியில்லை" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். காலை ஐந்து மணிக்குக் குழாயடியில் நிற்பதும், நாலு மாடி குடம் தூக்குவதும், பிறகு நாலு வீட்டில் பாத்திரம் துலக்கப் போவதும் அதே அம்மாதான். நம் வீடுகளில் ரத்தச் சோகை அதிகம் பிடிப்பதும் பெண்களைத்தான்.

ஆகவே பரிமாறும் முன் பாத்திரத்தை அடிவரை நன்றாகக் கலக்குங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கிண்ணத்தையும் வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். சமைத்தவருக்கு உள்ள கிண்ணமும் அந்த வரிசையில் இருக்கட்டும்.

ஒரு தம்ளர் பருப்பு நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். நாலு பேருக்கும் சமமாகப் போகிறதா என்று பார்க்க வேண்டியது சாப்பிடுகிறவர்கள் பொறுப்பு!